ஆயுத பூசைக்கு நிறுத்திய வானம்

யாரிடமும் போய் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை நான். நாலு பேர் நிற்கிற இடத்தில் பேச வேண்டியிருந்தால் சேலைத் தலைப்பு தானாக வாய்க்குப் போய்விடும். அப்படிப்பட்ட நான் கேட்காமல் கொள்ளாமல் ஒரு வானத்தையே நிறுத்திவிட்டேன் என்று ஒரு கல்லூரி முழுக்கப் பேச்சாகிவிட்டது. அது நடந்து சில வருசம் ஆகிறது. இப்போது முட்டு வலி வந்து வேலைக்குப் போவதில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது அந்த நாட்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வாயால் சொல்ல வராதது கையால் வருகிறதா பார்ப்போம் என்று எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு எழுத்துதான்.

கல்லூரி பாளையங்கோட்டைப் பக்கம். அதற்கு முன்னால் ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத் தோட்டங்களில் தார் சுமந்தேன். கழுத்து முடியாது என்று சொல்லிவிட்ட பிறகு டவுனுக்கு வந்து பெருக்கித் துடைக்கிற வேலையில் சேர்ந்தேன். இயற்பியல் கட்டடம் என் பொறுப்பு. மாடியில் கடைசி அறையை மட்டும் யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். செருப்பில்லாமல் போக வேண்டும், ஈரத் துணி கொண்டுபோகக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, அத்தனை கட்டுப்பாடு. அந்த அறை என்னிடம் வந்து சேர்ந்தது.

உள்ளே ஆறு கறுப்புப் பெட்டிகள், ஒரு பெரிய திரை, எப்போதும் ஓடுகிற ஏசி. அறை ஒரு பேராசிரியை அம்மாவுடையது. திருச்சிப் பக்கத்துக்காரர், மேடம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பிள்ளைகள் என்னை ஆயா என்பார்கள், ஆபீசில் ஆச்சி என்பார்கள். மேடம் மட்டும் அக்கா என்றார். எனக்கு அவரைவிட இருபது வயதாவது கூட இருக்கும். ஆனாலும் அக்கா.

முதல் தடவை அந்தத் திரையைப் பார்த்தபோது வாரியலைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"என்னக்கா அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம். சீப்புல சுத்துன முடி மாதிரி கோடு கோடா இருக்கு. அதான்."

அவர் சிரித்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து சொன்னார். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நம்மேல் விழுந்துகொண்டே இருக்கின்றனவாம். காஸ்மிக் கதிர் என்று பெயராம். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே உடம்பைத் துளைத்துக்கொண்டு போகிறதாம். எங்கிருந்து புறப்படுகின்றன என்பதுதான் பெரிய கேள்வி. பெரிய நட்சத்திரம் வெடிக்கிற இடத்தில் வேகம் பிடித்துக் கிளம்புகின்றன என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் எல்லாம் அங்கிருந்துதான் என்று சொல்லிவிட முடியாதாம்.

"விழுகுற திசைய வச்சிக் கண்டுபிடிக்க முடியாதா மேடம்?" என்று கேட்டேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை.

"அதான்க்கா முடியாது. வழியெல்லாம் காந்தம் இருக்கு. வளைச்சு வளைச்சு விட்டுடும். அங்கேருந்து கிளம்புனது இங்கேருந்து வர்ற மாதிரி வந்து விழும்."

எனக்கு எங்கள் ஆறுதான், அது கடலில் சேர்கிற இடம்தான் நினைவுக்கு வந்தது. "புன்னக்காயல்ல நின்னு ஒரு கை தண்ணி அள்ளுனா, இது மணிமுத்தாத்துத் தண்ணியா, சித்தாத்துத் தண்ணியான்னு சொல்ல முடியாதுல்லா மேடம், அது மாதிரியா?"

மேடம் என்னையே பார்த்தார். "அக்கா, இவ்ளோ நாள் நீங்க எங்க இருந்தீங்க?" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அவர் செய்தது இதுதான். கம்ப்யூட்டருக்குள் ஒரு வானத்தை உண்டாக்கி வைத்திருந்தார். அதில் ஒரு நட்சத்திரத்தை வெடிக்கவிட்டு, லட்சம் லட்சமாகத் துகளை அனுப்பி, எது எங்கே வளைகிறது, எது எவ்வளவு வேகம் பிடிக்கிறது, எது பூமிக்கு வந்து சேர்கிறது என்று கணக்குப் போடவிடுவார். வந்து சேர்ந்தவை நிஜமாக விழுகிறவற்றோடு ஒத்துப்போனால் புறப்பட்ட இடம் சரி. இல்லாவிட்டால் வேறொரு இடத்தை வைத்து மறுபடி. சில சமயம் தலைகீழாகவும் செய்வார். பூமிக்கு வந்ததை எடுத்து, வந்த வழியே பின்னால் திருப்பி விட்டு, எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார். ஒரு ஓட்டம் முடிய வாரக் கணக்கில் ஆகும்.

அதனால் அந்தப் பெட்டிகள் நிற்கக் கூடாது. ஏசியில் நம்பர் ஏறினால் நான் போன் போட வேண்டும். கரண்டு போய் யூபிஎஸ் கத்தினாலும் போன் போட வேண்டும். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் அதற்கொரு முறை உண்டு. முதலில் மேடம் இருந்த இடத்திலிருந்தே லேப்டாப்பில், ஓடினவரைக்கும் பத்திரப்படுத்துவார். பிறகு, "இப்ப நிறுத்துங்கக்கா" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் என் கை சுவிட்சுக்குப் போகும். மூன்று வருசம் அப்படித்தான். ஒரு தடவைகூட நானாகத் தொட்டதில்லை. படிக்காதவளை நம்பி அறைச் சாவியைக் கொடுத்திருக்கிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு இருந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை.

அந்த வருசம் ஆடிப் பெருக்குக் கழித்து ஒரு பெரிய ஓட்டம் தொடங்கியது. புரட்டாசியில் வடக்கே ஏதோ ஒரு ஊரில் கூட்டம், அதில் அரைவாசி முடிவையாவது காட்ட வேண்டும் என்று மேடம் அலைந்தார். சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. நான் வீட்டிலிருந்து புளிக்கறியும் அவியலும் கொண்டுபோய் மேசையில் வைத்தால் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

கூட்டத்துக்கு அவர் கிளம்பிய நாளும் கல்லூரியில் ஆயுத பூசை வைத்த நாளும் ஒன்றாக வந்துவிட்டன. மறுநாளிலிருந்து லீவு. எங்கள் கல்லூரியில் பூசை என்றால் ஒரு மிசின் பாக்கி கிடையாது. எல்லாவற்றையும் நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, அப்படியே ஓய்வில் விட்டுவிடுவோம். விஜயதசமி கழித்துத் திறந்தால்தான் மறுபடி ஓடும். ஓடுகிற கருவிக்குப் பொட்டு வைக்கிற வழக்கம் இல்லை. இதற்கு முந்தைய வருசங்களில் மேடமே கூட இருந்து பத்திரப்படுத்திவிட்டு, நிறுத்தச் சொல்லி, தன் கையால் முதல் பொட்டு வைப்பார்.

அன்று சாயங்காலம் லேப் அண்ணாச்சி அறை வாசலில் உட்கார்ந்து சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தார். லேப் அண்ணாச்சி என்பவர் எங்கள் ஆய்வுக்கூடத்து உதவியாளர். மேடம் அப்போது ஜங்ஷனில் ரயிலுக்கு நின்றார். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். போட்டேன்.

"மேடம், பூசைக்கு எல்லாம் ரெடி. பெட்டியள நிறுத்திரவா?"

அங்கே ஒரே இரைச்சல். யாரிடமோ தண்ணீர் பாட்டில் கேட்டார். பிறகு, "ம்... நிறுத்துங்கக்கா. எப்பவும் போல பண்ணுங்க" என்றார்.

எனக்கு மனது ஒப்பவில்லை. "நீங்க எல்லாம் பாத்துட்டியள்லா மேடம்? அப்ப நான் ஆஃப் பண்ணிரவா?"

"பண்ணுங்கக்கா, பண்ணுங்க. வண்டி வந்துடுச்சு."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து, "மேடம்தான் சரின்னுட்டாவள்லா ஆச்சி, பொறவு என்ன யோசனை? நிறுத்துங்க, இருட்டுததுக்கு முன்ன வீட்டுக்குப் போணும்" என்றார்.

நிறுத்தினேன். ஆறு பெட்டிக்கும் பொட்டு வைத்தேன்.

லீவு முடிந்து திறந்த அன்று அண்ணாச்சிதான் பெட்டிகளைப் போட்டார். கொஞ்ச நேரம் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

"போச்சு ஆச்சி. ஆடியிலயிருந்து ஓடுனது அம்புட்டும் போச்சு."

"எப்படி அண்ணாச்சி? மேடம் பத்திரப்படுத்தியிருப்பாவள்லா?"

"எங்க? தினம் தானாப் பதியுததக்கூட மேடம் ஆவணியிலயே நிறுத்தி வச்சிருக்காவ. இடம் நெறஞ்சிட்டுன்னு பழசையும் அழிச்சிருக்காவ. அன்னைக்கும் ஒண்ணும் செய்யாமலேதான் சரின்னு சொல்லியிருக்காவ. ரயிலப் பிடிக்க அவசரத்துல."

"மேடம் சொல்லித்தான நான் நிறுத்துனேன். நீங்களும் கேட்டியளே."

"கேட்டேன், கேட்டேன். நீங்க பயப்படாதீய. மேடம் வரட்டும்."

மேடம் வரட்டும். அதையேதான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். போன் போட்டேன், எடுக்கவில்லை. கூட்டத்தில் இருப்பார், மெயிலில் எழுதிவிட்டேன் என்று அண்ணாச்சி சொன்னதும் விட்டுவிட்டேன். அவர் பட்ட பாடெல்லாம் போய்விட்டதே என்றுதான் எனக்கு அழுகை வந்தது. எனக்கு ஏதாவது வரும் என்று தோன்றவே இல்லை. அவர்தான் சொன்னார், அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதில் என்ன இருக்கிறது?

இரண்டு நாள் கழித்துக் காலையில் வாசலில் வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார்.

"ஏ ஆச்சி, வானத்தையே சுவிட்ச் போட்டு நிறுத்திட்டியளாமே! எங்க வீட்டுப் பக்கம் வெயில் கொஞ்சம் கூடுதலா அடிக்கி, அதையும் கொஞ்சம் நிறுத்தி விடுங்களேன்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். "யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. கேட்காமக் கொள்ளாமச் செஞ்சிட்டியளாம்."

கேட்காமல் கொள்ளாமல். அந்த ஒரு சொல் என்னவோ செய்தது. நிறுத்தினாள் என்றால் நிறுத்தியது உண்மை. கேட்காமல் என்பது எங்கிருந்து வந்தது? அந்த அறையில் மேடம் துகளைப் பின்னால் திருப்பி விடுவாரே, அதுபோல நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம், "உங்களுக்கு யாரு சொன்னா?" என்று மடக்கிக் கேட்டேன். வாட்ச்மேன் தலையைச் சொறிந்து, ஆபீசில் டைப் அடிக்கிற பிள்ளை என்றார்.

அவள் நல்ல பிள்ளை. என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"உள்ள வாங்க ஆச்சி. கதவச் சாத்துங்க. நான் யார்கிட்டயும் சொல்லணும்னு சொல்லல. வாட்ச்மேன் அண்ணாச்சி என்ன விசயம்னு கேட்டாவ, வாய் தவறிச் சொல்லிட்டேன்."

"உனக்கு யாரு தாயி சொன்னா?"

"எனக்கு யாரும் சொல்லல ஆச்சி. லெட்டர் வந்துது. நான்தான் பிரிண்ட் எடுத்து ஹெச்ஓடி சார் மேசையில வச்சேன்."

"யாரு எழுதுன லெட்டர்?"

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். இங்கிலீசில் இருந்தது. அவள் விரலை வைத்து வைத்துப் பைய தமிழில் சொன்னாள். துப்புரவுப் பணியாளர் யாருடைய அனுமதியும் பெறாமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டார், அதனால் இரண்டு மாத ஆராய்ச்சி அழிந்துவிட்டது, வருந்துகிறேன். கீழே இருந்த பெயரை அவள் வாசிக்கவில்லை. நான் ஐந்து வரை படித்தவள், மூன்று வருசமாக அறைக் கதவில் அந்தப் பெயரைத் துடைத்தவள். எந்த மொழியில் இருந்தாலும் எனக்குத் தெரியும்.

மேடம் ஊருக்கு வந்த அன்றே ஹெச்ஓடி சார் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போகிற வழியில்கூட என் மனது, 'நேரில் பார்த்தால் மாறிவிடுவார், அவசரத்தில் எழுதியிருப்பார்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. சார் மேசைக்கு அந்தப் பக்கம். மேடம் பக்கத்து நாற்காலி. அண்ணாச்சி சுவரோரம். நான் கதவுக்குப் பக்கத்தில்.

"பெட்டிகளை நிறுத்தினது நீங்கதானா?" சார் அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆமா சார்."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் பேசுவதற்கு வேண்டிய நேரத்தை விட்டுப் பார்த்தேன். அவர் கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"மேடம்தான் சார் சொன்னாவ" என்றேன். தலைப்பு வாயில் இருந்ததால் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடி சொன்னேன். "நான் ரெண்டு தடவ கேட்டேன். போன்ல. மேடம் நிறுத்தச் சொன்னாவ. போன்ல அந்த நம்பர் இருக்கும் சார், பாருங்க."

"நம்பர் இருக்கும்மா. பேசுனது இருக்காதே" என்றார் சார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "நீங்க அங்கன இருந்தீங்களா?" என்றார்.

"இருந்தேன் சார். சந்தனம் கரைச்சிக்கிட்டு இருந்தேன். பேசுனது ஒண்ணும் கவனிக்கல."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போதுதான் மேடம் பேசினார். குரல் அவ்வளவு கனிவாக இருந்தது. "விட்டுடலாம் சார். அக்கா வேணும்னு செய்யல. நான் ஏதோ சொல்ல, அவங்க ஏதோ புரிஞ்சிக்கிட்டிருக்காங்க. பாவம், படிக்காதவங்க. என் ரூம்லயே இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன். மன்னிச்சிடலாம்."

சாருக்கு அது பெரிய குணமாகத் தெரிந்திருக்க வேண்டும். "மேடம் சொன்னதால விடுறேன்மா. இனிமே கேட்டுட்டுச் செய்ங்க" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வேலையை விட்டு எடுத்திருந்தால்கூட வேறு இடம் பார்த்திருப்பேன். செய்யாத தப்புக்கு, அதைச் செய்தவர் வாயாலேயே மன்னிப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் கால் எந்தப் படியில் இருக்கிறது என்று தெரியவில்லை. அண்ணாச்சி பின்னாலேயே வந்தார்.

"ஆச்சி, தப்பா நினைக்காதீய. என் கான்ட்ராக்ட்ல மேடம்தான் கையெழுத்துப் போடணும். மூணு மாசத்துல முடியுது."

"உங்க சோலியப் பாருங்க அண்ணாச்சி" என்றேன். வேறு சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாள் வழக்கம்போல அறையைத் திறந்து வாரியலால் தூத்துப் பெருக்கிக்கொண்டிருந்தேன். திரையில் ஓட்டம் முதலிலிருந்து தொடங்கியிருந்தது, ஒன்றிரண்டு கோடுகள்தான். மேடம் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கண் சிவந்திருந்தது.

"அக்கா, எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க கேட்டீங்க, நான்தான் சரின்னேன். நான் சேவ் பண்ணவே இல்ல. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா பணம் குடுக்கிறவங்ககிட்ட, நானே அழிச்சிட்டேன்னு எப்படிக்கா சொல்றது? இந்தத் திட்டத்தையே எடுத்துடுவாங்க. பத்து வருச வேலைக்கா. உங்களுக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கிட்டேன்ல?"

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அவர் கையைப் பிடித்து, 'போகட்டும் மேடம்' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மூன்று வருசப் பழக்கம் அது. ஆனால் கதவு சாத்தியிருந்தது. அந்த அறையில் சொன்னது அந்த அறையை விட்டு வெளியே போகாது.

"மேடம், இத அங்கன வந்து சொல்லுங்க. சார் ரூம்ல. வேற யாருகிட்டயும் வேண்டாம், சாரு ஒருத்தர்கிட்ட மட்டும். நான் கேக்காமச் செய்யலன்னு மட்டும் சொன்னாப் போதும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "முடியாதுக்கா" என்றார்.

நான் தூத்து முடித்தேன். ஏசி நம்பரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. இறங்கி நேராக ஹெச்ஓடி சார் அறைக்குப் போனேன். யாரும் கூப்பிடாமல் நானாக ஒரு அதிகாரி அறைக்குள் போனது அன்றுதான்.

"சார், எனக்குத் தாவரவியல் கட்டடம் குடுங்க. அந்த ரூம் வேண்டாம்."

"ஏம்மா? அதான் மன்னிச்சாச்சே."

"மன்னிச்சதுனாலதான் சார் கேக்கேன்."

சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கு அன்று ஏதாவது புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பதிலாக அந்த அறைக்கு வந்தவள் மேலப்பாளையத்துக்காரி, நாற்பது வயதிருக்கும், வாய் கொஞ்சம் நீளம். சாவியைக் கொடுக்கும்போது, "என்ன மதினி, அந்த ரூம்ல பேய் கீய் இருக்கா? எல்லாரும் பயங்காட்டுதாவ" என்றாள். செருப்பு, ஈரத் துணி, ஜன்னல், ஏசி நம்பர், யூபிஎஸ் எல்லாம் சொன்னேன். "அம்புட்டுதானா?" என்றாள்.

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன். "நிறுத்தச் சொன்னா எழுதி வாங்கிக்கோ. போன்ல சொன்னா நிறுத்தாத."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குள் அவள் காதுக்கும் ஏதாவது வந்திருக்கும்.

கார்த்திகையில் ஒரு நாள் மழை கொட்டிக் கரண்டு போனது. தாவரவியல் கட்டட வாசலில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எதிர் மாடியில் யூபிஎஸ் கத்துவது என் மந்தக் காதுக்கும் கேட்டது. இங்கிருந்து பார்த்தால் அந்த அறை வாசல் தெரியும். அவள் ஒரு நோட்டையும் பேனாவையும் மேடத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். மேடம் ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு நோட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். மேடம் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பிடிச் சுவர்ப் பக்கம் வந்து, மழைக்கு இந்தப் பக்கம், நான் நிற்கிற திசையைப் பார்த்தார்.

நான் குனிந்து தண்ணீரைத் தள்ளினேன். பிறகு நிமிரவில்லை. அவர் கையெழுத்துப் போட்டாரா என்பதைக்கூட நான் பார்க்கவில்லை.